கரை நிறைய குரூஸ்

கொன்னந்துறைக் கடற்கரையில் நின்றுகொண்டு யாராவது "குரூஸே!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். வெயிலில் வலை உணக்குகிறவன் திரும்புவான், கரமடி வலை இழுக்கிறவன் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்புவான், கருவாடு பரத்துகிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் திரும்புவார்கள், கள்ளுக்கடைக்குள்ளிருந்து ஒருவன் "இந்தா வந்துட்டேன்" என்பான். கல்லறைத் தோட்டத்தில் படுத்திருப்பவர்களும் லேசாகப் புரண்டு படுப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஆகவே அந்தப் பெயரை அங்கே யாரும் உபயோகிப்பதில்லை. ஞானஸ்நானத்துக்கு எடுப்பார்கள், கல்யாணத்துக்கு எடுப்பார்கள், அடக்கத்துக்கு எடுப்பார்கள். மற்ற நாளெல்லாம் அது பெட்டிக்குள் மடித்து வைத்த நல்ல துணி மாதிரி கிடக்கும். புழங்குவதற்குப் பட்டப்பெயர்கள் இருந்தன. நண்டுக்காலன், வெடிவாயன், வெந்தசோறு, கோட்டாற்று ராசா. நண்டுக்காலனின் நிஜப்பெயர் நண்டுக்காலனின் மாமியாருக்கே தெரியாது.

கிளீட்டஸும் ஒரு குரூஸ்தான். ஊர் அவனுக்கு வைத்த பெயர் மிண்டாக் கிளீட்டஸ். மிண்டுவது என்றால் அந்தப் பக்கத்தில் வாய் திறப்பது. பிறந்ததிலிருந்து அவன் பேசியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு செபமாலை நேரத்துக்கு வராது என்பான் அவனோடு கட்டுமரம் ஏறுகிற அல்போன்ஸ். ஊமை இல்லை, திக்குவாயும் இல்லை. சொல்லவேண்டிய சொல் மனசுக்குள் எழுந்து, முகம் கழுவி, தலை சீவி, வாசலுக்கு வந்து சேர்வதற்குள் கேட்டவன் எழுந்து போயிருப்பான். அவ்வளவுதான் சங்கதி.

இப்படிப்பட்டவனுக்குப் பிரகாசி வாய்த்தாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கொல்லம் பக்கத்திலிருந்து ஒரு வலையையும் ஒரு மகளையும் கொண்டுவந்து கொன்னந்துறையில் குடியேறிய மனிதரின் மகள். அவரை ஊர் அன்றைக்கே 'கொல்லத்தான்' ஆக்கிவிட்டது. மகளுக்குப் பட்டப்பெயர் வைக்க ஊருக்கு இடைவெளியே கிடைக்கவில்லை. அவள் அவ்வளவு பேசினாள். மீனோடு பேசுவாள், காக்கையோடு பேசுவாள், ஆளில்லாவிட்டால் கூடையோடு பேசுவாள். ஒருநாள் நெத்திலி காயப்போட்ட மணலில் கிளீட்டஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காக்கை விரட்டிக்கொண்டிருந்தான். அவள் வெயில் சாயும்வரை கொல்லத்துக் கதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "நான் ஒருத்தி தனியா கத்திட்டிருக்கேன். நீரு என்ன மனுசன் ஓய்? வல்லதும் மிண்டும், ஒரு வார்த்தையாவது" என்றாள்.

கிளீட்டஸ் கடலைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான், வெகுநேரம் கழித்து, "நாளைக்கும் வருவியா?" என்றான்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த வாரமே கிளீட்டஸின் அம்மா வெற்றிலை பாக்கோடு கொல்லத்தான் வீட்டுக்குப் போனாள். எல்லாம் பேசி முடிந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறுகளில், கோயிலில் கூட்டம் நிறைந்திருக்கும்போது, பெண் மாப்பிள்ளை பெயரை வாசித்து, "தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடவார்கள்" என்று கேட்பது வழக்கம். ஓலை வாசிப்பது என்பார்கள். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றேழு முடிகிற ஆடி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொன்னந்துறைத் திருச்சிலுவைக் கோயிலில் உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் ஓலையை வாசித்தார்.

"குரூஸ் மரியதாஸ் மகன் குரூஸ் கிளீட்டஸுக்கும், குரூஸ் தஸ்நேவிஸ் மகள் குரூஸ் பிரகாசிக்கும்..."

கோயில் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தது. மெழுகுவர்த்திகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன என்று பிறகு சொன்னார்கள். கொல்லத்தானுக்கும் ஒரு பெயர் இருக்கும், அந்தப் பெயரின் தலையில் இப்படி ஒரு குரூஸ் உட்கார்ந்திருக்கும் என்று யாருக்குமே தோன்றியிருக்கவில்லை. யாரும் அவரைக் கேட்டதில்லை. தனக்கு மூக்கு இருக்கிறது என்று ஒருவர் வலியப் போய்ச் சொல்வாரா? அவரும் சொல்லவில்லை.

கொன்னந்துறையில் குரூஸ் குரூஸைக் கெட்டுவதில்லை. பெர்னாந்து வீட்டில் பெண் எடுக்கலாம், கோமஸ் வீட்டுக்குப் பெண் கொடுக்கலாம். ஒரு குரூஸுக்கு இன்னொரு குரூஸ் உடன்பிறப்பு.

முன்வரிசையில் ஊர்த்தலைவர் தொபியாஸ் எழுந்து நின்றார். ரெண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர். மீசையை எண்ணெய் போட்டு நீவி விட்டிருப்பார். கோபம் வந்தால் அது தானாக எழும்பும்.

"சாமி, தடை உண்டு."

வயசான பங்குச் சாமியார் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். "என்ன தடை தொபியாஸ்?"

"ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக்கும். அண்ணனும் தங்கச்சியும்."

"எப்பம் இருந்து?"

"கப்பித்தான் காலத்தில இருந்து."

கப்பித்தான் கதை ஊருக்கே மனப்பாடம். ஸ்பெயின் தேசத்திலிருந்து, பாயில் சிலுவை எழுதிய ஒரு கப்பல் வந்தது. இராஜாக்கமங்கலத்துக்கு நேரே அது உடைந்தது. அதன் தலைவன் கப்பித்தான் குரூஸ் ஒடிந்த பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான். குடிக்கத் தண்ணீர் கொடுத்த பெண்ணையே கெட்டினான். அவர்களுக்கு ஏழு ஆண்மக்கள். இந்தக் கரையில் எத்தனை குரூஸ் உண்டோ அத்தனையும் அந்த ஏழு பேரின் வித்து. எந்தக் குடிசை எந்த மகனின் வழி என்று தொபியாஸுக்கு உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். தாம் மூத்த மகனின் வழி என்பதை உறக்கத்தில் எழுப்பாமலேயே சொல்வார்.

"பேரு ஒண்ணா இருக்கது திருச்சபைச் சட்டத்தில தடையே இல்ல தொபியாஸ்" என்றார் சாமியார்.

"சட்டம் கோட்டாத்து பிஷப்பு வீட்டில இருக்கட்டும் சாமி. கடலு இங்கயாக்கும். தங்கச்சியைக் கெட்டினவன்கூட இந்தத் துறையில ஒருத்தன் மரம் எறக்க மாட்டான், ஒருத்தன் மடிக்கயிறு தொட மாட்டான். இருந்தாலும் நான் நியாயஸ்தன். சிலுவைத் திருநாளுக்குப் பிரசங்கம் வைக்க வாறது ஆரு? ஸ்பெயின் சாமி. பேரென்ன? தொமாஸ் தெலா குரூஸ்! நம்ம தறவாட்டு ஆளு, நம்ம குடும்பம். கப்பித்தானுக்க ஊரில இருந்து வாறாரு. அவரு வந்து, குரூஸ் எல்லாம் ஒரே ரெத்தம் இல்லேன்னு ஒரு வாக்குச் சொல்லட்டும், நானே தடையை எடுக்கேன்."

ரெண்டாம் ஓலை நின்றுபோனது. கிளீட்டஸ் கோயிலுக்கு வெளியே வந்து, தென்னையில் சாய்ந்துகொண்டு, சொல்ல ஏதாவது கிடைக்கிறதா என்று உள்ளே தேடினான். ஒன்றும் எழுந்து வரவில்லை.

அடுத்து வந்த நாட்கள் அவனுக்கு முள்மேல் போயின. கிணற்றடியில் பிரகாசி அவனைக் கண்டதும் குடத்தை நீட்டினாள். "அண்ணே, தங்கச்சிக்கு ஒரு குடம் தண்ணி கோரித் தரப்பிடாதா? கூடப்பிறந்த பாசம் இல்லியா?" சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கண்மட்டும் சிவந்திருந்தது. கிளீட்டஸ் தண்ணீர் கோரி ஊற்றினான், குடம் நிறைந்து வழிந்து அவள் காலெல்லாம் நனைந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தான். "போதும் ஓய், குளிச்சாச்சு" என்று அவள் பறித்துக்கொண்டு போனாள்.

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துக்கு ரெண்டு பேருமாக ஓடிப்போகலாமா என்றுகூட யோசித்தான். அல்போன்ஸிடம் விசாரித்தான்.

"அங்க மீன் உண்டா?"

"மரத்தில பாலு வரும் மக்கா. மீன் வராது."

அந்த யோசனை அதோடு நின்றது.

தொபியாஸுக்கோ கால் தரையில் பாவவில்லை. திருநாள் பிரசங்கியாரை வரவேற்கிற வேலை இல்லை அது. முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் பிரிந்துபோன பங்காளியை வீட்டுக்கு அழைக்கிற வேலை. தோரணம் கட்டச் சொன்னார், வெடி வாங்கச் சொன்னார், மணலில் ஏழு கோடு கிழித்து, எந்த மகனின் வழி எந்தக் கோட்டில் நிற்கவேண்டும் என்று ஒத்திகை பார்த்தார். வெந்தசோறு மூன்றாம் மகன் வழியா நாலாம் மகன் வழியா என்பதில் அடிபிடி வந்து, அவன் ரெண்டு கோட்டிலும் ஒவ்வொரு கால் வைத்து நிற்கட்டும் என்று தீர்ப்பானது.

ஆவணி பிறந்து, திருநாள் கொடியேறுகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாகர்கோவில் ரோட்டிலிருந்து பனங்காட்டு வழியாக வில்வண்டி வந்தது. வெடி முழங்கியது. மாடு மிரண்டு, வண்டி நேராகக் கருவாட்டுப் பாய்மேல் ஏறி நின்றது. அதிலிருந்து ஒட்டடைக்கம்பு மாதிரி ஒரு மனிதர், அவித்த நண்டின் நிறத்தில், மண்ணிறத் துறவு அங்கியோடு இறங்கினார். மலையாளக்கரை மடத்தில் பல வருஷம் இருந்தவர். ஆகவே அவர் பேசிய தமிழில் பாதி மலையாளம். கொன்னந்துறைக்காரர்களுக்கு அது இடைஞ்சலே இல்லை. அவர்கள் பேசியதும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஏழு கோடும் கலைந்து எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள்.

"மூக்கைப் பாருங்கலே! அப்படியே எனக்க அப்பன்!"

"காதைப் பாரு, செத்துப்போன சித்தப்பன் எறங்கி வந்த மாதிரி!"

"நிறம்தான் கொஞ்சம் வெளுத்துப்போச்சு. அங்க வெயிலு கொறவு பாத்தியா?"

ஒரு கிழவி அவர் கன்னத்தை ரெண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். ஒருவன் தன் குடிகார மகனை இழுத்துவந்து முன்னால் நிறுத்தி, "மூத்தப்பா, இவனுக்கு ரெண்டு வார்த்தை பறயணும்" என்றான். கள் வாடையைத் தவிர வேறொன்றும் புரியாத சாமியார் "குடிக்கருது மோனே" என்றார். "செரி மூத்தப்பா" என்று மகன் அழுதான். மரச்சீனிக் கிழங்கும் வாளைமீன் குழம்பும் ஏழு வீட்டிலிருந்து வந்தன. ஒரு வீட்டில் தின்று ஒரு வீட்டில் தின்னாவிட்டால் பங்காளிச் சண்டை வரும் என்று சொன்னதால் ஏழையும் தின்றார். இது இந்தக் கரையின் விருந்துமுறை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கூட்டத்தின் ஓரத்தில், தன் அம்மாவின் பின்னால், கிளீட்டஸ் நின்றான். அந்த மனிதரின் மூக்கையும் காதையும் அவனும் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவை தொபியாஸின் மூக்காகவும் தன் காதாகவும் மாறிக்கொண்டே வந்தன.

வெயில் தணிந்ததும் கொடிமரத்தடியில் சாமியாருக்கு நாற்காலி போட்டார்கள். பக்கத்தில் பங்குச் சாமியார். எதிரே மணல் கொள்ளாமல் ஊர். தொபியாஸ் மீசையை நீவிக்கொண்டு, கப்பித்தான் கதையைக் கப்பல் உடைந்த சத்தத்தோடு சொல்லி முடித்தார். பிறகு கிளீட்டஸையும் பிரகாசியையும் முன்னால் வரச் சொன்னார்.

"சாமி, நீரும் குரூஸ், நானும் குரூஸ், இந்தா நிக்க ரெண்டும் குரூஸ். எல்லாம் ஒரே ரெத்தம்தானே? ஒரு வாக்குச் சொல்லும்."

ஸ்பெயின் சாமியார் வயிற்றைத் தடவிக்கொண்டார். ஏழு வீட்டுக் குழம்பும் உள்ளே ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்திருக்கலாம். பிறகு, "ஞான் சத்தியம் பறயும். கோபிக்கருது" என்றார்.

அவர் சொன்னது இது. குரூஸ் என்றால் அவர் பாஷையில் சிலுவை. அவர் தேசத்தில் சிலுவைத் திருநாளை ஒட்டிப் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயரை வைப்பார்கள். சிலுவைக் கோயில் பக்கத்தில் வீடு இருந்தால் அந்த வீட்டுக்கு அந்தப் பெயர். யூதனோ துலுக்கனோ ஞானஸ்நானம் பெற்றால், பழைய பெயரைக் களைந்துவிட்டு இதை எடுத்துக்கொள்வான். இனி அவன் விசுவாசத்தை யாரும் சந்தேகப்படமாட்டார்கள் அல்லவா? பெற்றவர் தெரியாத பிள்ளையைக் கோயில் நடையில் கிடத்திவிட்டுப் போனால், எடுத்து வளர்க்கிறவர்கள் சிலுவையின் பிள்ளை என்று பெயர் எழுதுவார்கள்.

"அநாதப் பிள்ளைகளா நாங்க?" என்று கூட்டத்தில் யாரோ அலறினார்கள்.

இன்னும் கேளுங்கள், என்றார் சாமியார். ஸ்பெயினில் இருக்கிற தெலா குரூஸ்களைவிடக் கடலுக்கு அப்பால் இருக்கிறவர்கள்தான் அதிகம். மெக்ஸிக்கோவில் ஊர் ஊராக உண்டு. மணிலா பட்டணத்தில் ஒரு தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெரு முழுக்கத் திரும்பும் என்று அங்கே இருக்கிற அவர் தோழர் எழுதியிருக்கிறார். அவர்கள் எல்லாம் எந்தக் கப்பித்தானுக்கும் பிறந்தவர்கள் இல்லை. ஒரே நாளில் நூறு பேர், இருநூறு பேர் தலையில் தண்ணீர் ஊற்றும்போது ஆளுக்கொரு பெயர் தேட யாருக்கு நேரம்? கரையில் நட்ட சிலுவை கண்ணெதிரே நின்றது. அதையே கொடுத்தார்கள். இந்தக் கரையில் பறங்கிக்காரர்கள் செய்ததும் அப்படித்தான் இருக்கவேண்டும்.

தொபியாஸ் விடவில்லை. "பேரு தந்த ஞானத்தகப்பன் ஒருத்தன்தானே? அப்பம் அந்த வழிக்கு எல்லாரும் அண்ணன் தங்கச்சிதானே?"

"அந்தக் கணக்கில் திருச்சபை முழுக்க ஒரே அப்பனின் மக்கள். யாரும் யாரையும் கெட்ட முடியாது. எல்லாரும் என்னைப் போல மடத்துக்கு வரவேண்டியதுதான்" என்றார் ஸ்பெயின் சாமியார்.

பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி அமுங்கியது.

"நீரு?" தொபியாஸின் குரல் கொஞ்சம் உடைந்தது. "நீரு கப்பித்தானுக்க ஊருக்காரரு. நீரு அசல் குரூஸ் இல்லியா?"

சாமியார் தலையை ஆட்டினார். எங்கள் சபையில் துறவு வாங்குகிற அன்று அப்பன் தந்த பெயரைக் கீழே வைத்துவிட வேண்டும் என்றார். அன்றைக்கு எடுத்துக்கொண்டதுதான் தொமாஸ் தெலா குரூஸ், 'சிலுவையின் தொமாஸ்.' வீட்டில் அவர் எச்சேவரியா.

ஊர் அந்தப் பெயரை வாயில் போட்டுப் பார்த்தது. நாலைந்து பேருக்குத் தும்மல் வந்தது.

"அதுக்கு அர்த்தம் என்னவாக்கும் சாமி?" என்றான் வெந்தசோறு.

"புதுவீடு."

"ஏலே, அப்பம் சாமி எங்க ஆளு!" என்று கடைசி வரிசையிலிருந்து புதுவீட்டு ஞானப்பிரகாசம் துள்ளி எழுந்தான். அவன் கோமஸ். இதுவரை இந்த விருந்தில் அவனுக்கு இடமே இருந்ததில்லை. "எங்க வீட்டில ஒரு வாய் தின்னாம போவப்பிடாது, ஆமா!"

நானூறு வருஷக் கப்பல் ஒன்று எல்லார் மனசிலும் மெல்ல மூழ்கிக்கொண்டிருந்தது. கிளீட்டஸ் பிரகாசியைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மணலைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவன் பதறும்போது அவள் வெடித்துச் சிரித்தாள்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. ஊரே சிரித்தது. யாரும் யாருக்கும் ஒன்றுமில்லை என்பது கள்ளைவிட வேகமாகத் தலைக்கு ஏறியது. நண்டுக்காலனும் வெடிவாயனும் கட்டிப்பிடித்து, "நீ எனக்கு ஆருமில்லடே!" "நீயும் எனக்கு ஆருமில்ல!" என்று குதித்தார்கள். வெந்தசோறு எந்தக் கோட்டிலும் நிற்கவேண்டாம் என்று மணலில் உருண்டான். சிரிப்புக்கு நடுவே தாய்மார்களின் கண்கள் கூர்மையாயின. இத்தனை நாளும் 'மகனே' என்று கூப்பிட்ட பக்கத்து வீட்டுப் பையனைத் தலை முதல் கால்வரை புதிதாகப் பார்த்தார்கள். நாகர்கோவில்வரை அலைந்து பெர்னாந்து தேடவேண்டாம்! வேலிக்கு அந்தப் பக்கமே மாப்பிள்ளை நிற்கிறான்! அங்கங்கே தலைகள் சேர்ந்தன. பாதிச் சம்பந்தங்களுக்கு அங்கேயே வெற்றிலை கை மாறியது.

தொபியாஸ் மட்டும் கொடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மீசை தொங்கியிருந்தது. கிளீட்டஸுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்போது தொபியாஸ் அவனை ஏறிட்டுப் பார்த்தார். முதலில் சும்மா பார்த்தார். பிறகு தோளைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அந்த மீசை மெல்ல, ஒரு பக்கம் முதலாகவும் மறுபக்கம் பிறகாகவும், எழும்பியது.

"சாமி!" என்று எழுந்தார். "சொன்ன வாக்குத் தவற மாட்டேன். தடையை எடுத்தாச்சு. குரூஸ் குரூஸைக் கெட்டலாம். அதனால இப்பமே சொல்லுதேன். மிண்டாக் கிளீட்டஸை எனக்க மகள் வியாகுலத்துக்கு எடுக்கேன். குடியில்ல, எதிர்ப்பேச்சில்ல, நல்ல தொழில்காரன். எனக்க ரெண்டு வள்ளத்தில ஒண்ணு அவனுக்கு!"

கரை சேர்ந்துவிட்டோம் என்று கிளீட்டஸ் காலை ஊன்றியபோது காலடியில் மணலே இல்லை. வள்ளம் என்ற சொல் அவன் அம்மாவின் காதில் விழுந்ததை அவன் கண்ணால் பார்த்தான். அவள் வாய் திறந்தது, கொல்லத்தானைப் பார்த்து மூடியது, வள்ளத்தை நினைத்து மறுபடி திறந்தது. கொல்லத்தான் தலையைக் குனிந்துகொண்டார். பிழைக்க வந்த ஊரில் தலைவரை எதிர்த்து அவர் என்ன பேசுவார்?

"ஒரு ஓலைதானே வாசிச்சிருக்கு" என்றார் பங்குச் சாமியார், சங்கடத்தோடு. "கிளீட்டஸ்தான் சொல்லணும்."

"அவன் எங்க சொல்லப்போறான்? பேசாட்டா சம்மதம்னு அர்த்தம்" என்றார் தொபியாஸ்.

பிரகாசியின் சிரிப்பு நின்றிருந்தது. அவள் அவனைப் பார்த்தாள். உள்ளே சொல் எழுந்தது. இன்றைக்கு அதற்கு முகம் கழுவ நேரமில்லை, தலை சீவ நேரமில்லை. கட்டின துணியோடு அது வாசலுக்கு ஓடி வந்தது.

"எனக்கு வள்ளம் வேண்டாம்!" என்று கிளீட்டஸ் கத்தினான்.

கொடிமரத்துக் காக்கைகள் பறந்தன.

"ஒரு வள்ளமும் வேண்டாம், ரெண்டு வள்ளமும் வேண்டாம்! நான் பேசாததெல்லாம் சம்மதம்னு ஆரு சொன்னா? போன வருசம் எனக்க மடிவலையில பாதியை உம்ம ஆளுங்க அறுத்தாங்க, அதுக்கும் நான் பேசல்ல, அது சம்மதமா? அம்மா, ஒனக்க கொளம்பில எப்பவும் உப்பு கூடுதலாக்கும், சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன், அதுவும் சம்மதமா? அல்போன்ஸு, நீ மரத்தில இருந்து பாடுத பாட்டைக் கேட்டுத்தாம்ல மீனெல்லாம் கன்னியாகுமரிக்குப் போவுது! ஏட்டி பிரகாசி, நீ அண்ணேன்னு விளிச்ச அன்னையில இருந்து எனக்கு ஒரு வாய் கஞ்சி எறங்கல்ல. நீ பேசிட்டிருந்தா எனக்கு வயிறு நிறையுது. நீ பேசாட்டா இந்தக் கடலு வெறும் தண்ணி. குரூஸா இருந்தா என்ன, கோமஸா இருந்தா என்ன, சாமிக்க அந்தத் தும்மல் பேரா இருந்தா என்ன! உன்னைத்தான் கெட்டுவேன். மரம் எறக்க ஆளு வராட்டா நீயும் நானும் எறக்குவோம். உனக்குத் துடுப்புப் போடத் தெரியாட்டா பேசிட்டே இரி, நான் போடுதேன்!"

மூச்சு வாங்க நின்றான். சொல்லியதெல்லாம் தன் வாயிலிருந்துதான் வந்தது என்று நம்பாதவன்போல உதட்டைத் தொட்டுப் பார்த்தான்.

கீச்சென்று ஒரு சிரிப்பு கேட்டது. தொபியாஸின் மகள் வியாகுலம். துயரம் என்று அர்த்தப்படும் பெயரை வைத்துக்கொண்டு அந்தப் பெண் வாழ்நாளில் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "அப்பா, எனக்கு மிண்டாதவன் வேண்டாம், இப்பிடி மிண்டுதவன் வேண்டவே வேண்டாம். குரூஸைக் கெட்டலாம்னா எனக்குப் பாட்டுக்காரன் போதும்" என்று அல்போன்ஸைச் சுட்டினாள்.

அல்போன்ஸ் குரூஸ் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றான். பிறகு பாடிக்கொண்டே திரும்பி ஓடி, புது வேட்டியோடும் சட்டையோடும் கடலில் குதித்தான். தொபியாஸ் மகளைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், ஸ்பெயின் சாமியாரைப் பார்த்தார். "நீரு வராமலே இருந்திருக்கப்பிடாதா சாமி?" என்றார்.

பங்குச் சாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பிரகாசி, உனக்குச் சம்மதமா பிள்ளே?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பிரகாசி பேசவில்லை.

தலையைக் குனிந்து, கால்விரலால் மணலைக் கீறிக்கொண்டு நின்றாள். கூடையோடும் காக்கையோடும் பேசுகிறவள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அலை வந்தது, போனது. மறுபடி வந்தது. ஒருவர் பேசுவதற்காகக் காத்து நிற்பது இவ்வளவு கொடுமையானது என்று இதுவரை யாரும் கிளீட்டஸிடம் சொன்னதில்லை. இத்தனை வருஷம் இந்த ஊர் தன்னை எப்படிப் பொறுத்துக்கொண்டது என்று நினைத்தான்.

"என்னட்டி, வல்லதும் சொல்லு" என்றான் மெதுவாக, கெஞ்சலாக.

அவள் நிமிர்ந்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"ஒருவாட்டி மிண்டாம இருந்து பாத்தேன். எனக்கு ஒத்துவரல்ல" என்றாள். பிறகு பங்குச் சாமியார் பக்கம் திரும்பி ஒரே மூச்சில் தொடங்கினாள். "சம்மதம் சாமி, பின்ன சம்மதம் இல்லாமலா இங்க வந்து நிக்கேன், இன்னைக்கு ஞாயிறுதானே, கொடியேத்தச் செபம் இருக்குதானே, கோயில் நிறைய ஆளு உண்டுதானே, அப்பம் அடுத்த ஞாயிறுக்கு என்னத்துக்குப் போடணும், இப்பமே ரெண்டாம் ஓலையை வாசியும், இந்த ஊரில அடுத்த ஞாயிறுக்குள்ள ஆருக்கு ஆரு அண்ணன் ஆவாங்கன்னு ஆருக்குத் தெரியும்?"

"வாசியும் சாமி, வாசியும்!" என்றது ஊர்.

யாரோ ஓடிப்போய் மணியை அடித்தார்கள். மணலும் சிரிப்புமாகக் கூட்டம் கோயிலுக்குள் முண்டியது. அல்போன்ஸ் சொட்டச் சொட்ட வந்து கடைசியில் நின்றான். புதுவீட்டு ஞானப்பிரகாசம் ஸ்பெயின் சாமியாரின் கையை விடவே இல்லை. உபதேசியார் வாசித்தார்: குரூஸ் கிளீட்டஸுக்கும் குரூஸ் பிரகாசிக்கும். இந்தமுறை யாரும் மூச்சை இழுக்கவில்லை. "தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடவார்கள்" என்று அவர் நிறுத்தினார்.

முன்வரிசையில் ஒரு சத்தம் கேட்டது. கோயில் மொத்தமும் தொபியாஸைத் திரும்பிப் பார்த்தது. கிளீட்டஸ் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"இருமலாக்கும், வெறும் இருமல்" என்று தொபியாஸ் கையை வீசினார். "ஆளைப் பாக்காம மேல வாசியும் உபதேசியாரே. அடுத்தது எனக்க மகளுக்க ஓலை இருக்கு."